நேற்று சாதாரண நாளா?

அடுத்தவர் வீட்டு நேற்றை விசாரித்துச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. பொது சுகாதார ஆராய்ச்சி என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பெங்களூருக்குள் வீடு வீடாகப் போய், பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், சிலர் ஏன் குச்சியாக இளைத்துப் போகிறார்கள், சிலர் ஏன் வயதுக்கு மீறி எடை போடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவது. கையில் படிவத்தோடு, முன்பின் தெரியாத வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் நம்ம ஆள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிறவர்கள், மீட்டர் பார்க்கிறவர்கள், கணக்கெடுப்புக்குப் போன வாத்தியார்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வேலை சுலபம் போலத் தெரியும். நேற்றுக் காலை கண் விழித்ததிலிருந்து இன்று காலை கண் விழித்தது வரை பிள்ளை என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எங்கே, யாரோடு. அவ்வளவுதான். ஆனால் நேற்று என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அதற்கு எங்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல வேண்டும். "நேத்து காலையில முழிக்கிறே. வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும். பிள்ளை மெல்ல மெல்ல நேற்றுக்குள் இறங்கிப் போகும். வீடே ஒரு மாதிரி அமைதியாகிவிடும். நானும் கூடவே இறங்கிப் போவேன். இப்படிப் பத்து வருஷமாக ஊரார் நேற்றுகளில் உட்கார்ந்து எழுந்ததில், என்னுடைய நேற்று எது என்று சில நாள் எனக்கே பிடிபடுவதில்லை.

பையில் இட்லி

எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டால் "கொஞ்சம்" என்பார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று தெரிய, நாங்கள் ஒரு பை நிறைய பொய்ச் சாப்பாடு கொண்டுபோவோம். ரப்பர் இட்லி மூன்று அளவில், மரத்தில் செய்த வடை, களிமண்ணில் களி உருண்டை, துணியில் வெட்டிய தோசை, நம்பர் போட்ட கிண்ணங்கள், கரண்டிகள். பிள்ளை தொட்டுக் காட்டினால் போதும். காலை ஏழு மணிக்கு, பசியோடு, சாப்பிட முடியாத சாப்பாட்டைத் தோளில் சுமந்துகொண்டு, பனி விலகாத தெருவில் நடந்து போவேன். கனவில் நடக்கிற மாதிரியே இருக்கும்.

ஒரு நாள் மெட்ரோ ஸ்டேஷனில் சோதனை போடுகிற பெண் பையைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். வடையைத் தட்டிப் பார்த்தார், டொக் என்றது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, எனக்கு மானம் போனது. எனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஆராய்ச்சி, குழந்தைகள், ஊட்டச்சத்து என்று உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. இட்லி மூன்றையும் தோசையையும் வடையையும் தட்டில் பரிமாறுகிற மாதிரி வரிசையாக அடுக்கினார். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். விடியற்காலையிலிருந்து நிற்கிறார் போல. அப்புறம், ஏதோ ஒன்று குறைகிறதே என்கிற முகத்தோடு நிமிர்ந்து கேட்டார்: "எல்லா சரி மேடம், சட்னி எல்லி? எங்கே சட்னி?"

முன்கூட்டியே சொன்ன குற்றம்

எங்கள் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. 'நேற்று சாதாரண நாளா, விசேஷ நாளா?' கல்யாணம், திருவிழா, பிறந்தநாள், காய்ச்சல் என்று எது நடந்திருந்தாலும் அது விசேஷ நாள். அந்தப் பதிவு கணக்கில் சேராது. இன்னொரு நாள் மறுபடி போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் பாடாய்ப் படுத்தியது இதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போனேன். மகன் ஜோயல், பத்து வயசு, கன்னம் இரண்டும் தொங்கும். மரியாதைக்காக இரண்டு நாள் முன்னாலேயே போன் செய்து, வருகிறேன் என்று சொல்லித் தொலைத்திருந்தேன். ஜோயல் கண்ணை மூடினான். காலையில் முளைகட்டின பயறு, மத்தியானம் கேழ்வரகு அடை, சாயந்தரம் வேகவைத்த பீட்ரூட், ராத்திரி கீரை சூப். ஜெயிலில் இருந்து வந்தவன் போலச் சொல்லிக்கொண்டே போனான். டீச்சரம்மா பக்கத்தில் பெருமையாக நின்றார். நேற்று சாதாரண நாள்தானா என்று கேட்டேன். சாதாரண நாள்தான், எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான் என்றார் அவர். நான் பையை மூடிக் கிளம்பினேன். ஜோயல் கேட் வரைக்கும் கூடவே வந்தான். அம்மா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னான்: "ஆன்ட்டி, அடுத்த தடவை வரும்போது தயவுசெஞ்சு போன் பண்ணாம வாங்க."

தர்ஷினி வீட்டு விருந்து

இனி தர்ஷினி. இந்தக் கதையைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்திருக்கிறேன்.

பொம்மசந்திராவில் கம்பெனிகளுக்குப் பின்னால் வரிசையாக லைன் வீடுகள். அதில் கடைசி வீடு. தர்ஷினிக்குப் பதினொரு வயசு. பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தபோதே வயசுக்கு ரொம்ப அதிகம் என்று எங்கள் பட்டியலில் வந்துவிட்டாள். அப்பா லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அம்மா செல்வி மாத்திரை பேக்கிங் கம்பெனியில் வேலை, வீடு திரும்ப ராத்திரி எட்டரை ஆகிவிடும். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். நாலு மணிக்குப் பள்ளிவிட்டு வருகிற பெண்ணைப் பக்கத்து வீட்டு ஜபீனா அக்கா கதவைத் திறந்து உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிடுவார். சாவி அவரிடம்தான். எந்நேரமும் லாரி போகிற ரோடு, வளர்கிற பெண் பிள்ளை, செல்விக்குப் பயம். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. எங்கள் ஆராய்ச்சியின் அடுத்த கட்டமாக அங்கே சாயந்தர வகுப்பு தொடங்க இருந்தோம். ஓட்டம், கபடி, ஸ்கிப்பிங், நடுவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சுண்டல். பூட்டின வீட்டில் கிடக்கிற தர்ஷினிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒரு நிபந்தனை. மாதக் கடைசிக்குள் அந்தப் பிள்ளையின் ஒரு சாதாரண நாளாவது எங்கள் பதிவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இடம் கிடையாது. இந்த நிபந்தனையைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்பதும் விதி. சொன்னால் வகுப்புக்காக எதையாவது சொல்லிவிடுவார்களாம்.

செல்வி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார், ஜபீனா அக்கா கூட இருந்தால் போதும் என்று. அக்கா வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவார். உள்ளே நானும் தர்ஷினியும் தரையில். ஜன்னல் வழியே சாயந்தர வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது, சந்தன வாசனை. தர்ஷினி கண்ணை மூடினாள். நேற்று சித்திக்கு நிச்சயதார்த்தம் என்றாள். வாழை இலை, ஓரத்தில் இனிப்புப் பச்சடி, நெய் மணக்கிற பருப்பு, சேமியா பாயசம். பக்கத்தில் யார் யார் உட்கார்ந்தார்கள், யார் அவள் இலையில் அப்பளத்தை வைத்தார்கள், யார் சிரித்துப் புரையேறினார்கள், எல்லாம் சொன்னாள். பாயசத்துக்கு மூன்றாம் நம்பர் கிண்ணத்தைக் கண்ணைத் திறக்காமலே கை நீட்டி எடுத்துக் காட்டினாள். இப்படித் துல்லியமாகச் சொல்கிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில், ஐயோ பாவம், விசேஷ நாள் கணக்கில் வராது கண்ணு, நான் திரும்ப வரணும் என்று சொன்னேன். என் வாயால் நானே சொன்னேன்.

அவள் பளிச்சென்று கண்ணைத் திறந்தாள். "பரவால்ல மேடம். விசேஷ நாள்னே போட்டுக்குங்க."

ரயில் எடை

நடுவில் ஒக்கலிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எடை பார்க்கிற வேலை வந்தது. தண்டவாளம் கூப்பிடு தூரம். எங்கள் எடை மிஷின் ரொம்ப ரோஷக்காரி, தரை லேசாக அதிர்ந்தாலும் எண் நிற்காது. ரயில் போகும்போதெல்லாம் எண்கள் தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஏறி இறங்கும். பிள்ளைகள் செருப்பில்லாமல், கையைத் தொங்கவிட்டு, மூச்சை அடக்கி நிற்பார்கள். நீள ரயில் ஒன்று போய் முடியும் வரை வகுப்பறையே அசையாமல் நிற்கும். எனக்கு அந்த நிமிஷங்கள் பிடித்திருந்தன.

ஒரு பையன், ஏழு வயசிருக்கும், நல்ல பருமன். பின்னால் நின்ற பிள்ளைகள் அவன் ஏறுவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவன் மிஷினில் ஏறினான். அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு ரயில். எண் குதிக்கிறது, நிற்கவே இல்லை. நான் பேனாவோடு காத்திருந்தேன். அவன் குனிந்து எண்ணைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்துக் கவலையாகச் சொன்னான்: "அக்கா, ரயிலோட எடையையும் என் பேர்ல எழுதிடாதீங்க."

மூன்று வியாழக்கிழமை, மூன்று விசேஷம்

அடுத்த வியாழக்கிழமை தர்ஷினி வீட்டுக்குப் போனேன். நேற்று எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைத்தார்களாம். அதற்கடுத்த வாரம் போனேன். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்களாம். மண் சட்டியில் கூழ், கூட முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு பெரியம்மா ஊட்டிவிட்டாராம். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. சில இடத்தில் எழுதுவதற்கே மறந்துபோய், "அப்புறம்?" என்று கேட்டிருக்கிறேன். வாசலில் ஜபீனா அக்காவின் கை மட்டும் நிற்காமல் உருட்டிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது எனக்குக் கூழ் சாப்பிட்ட மாதிரியே வயிறு நிறைந்திருக்கும், அப்படி ஒரு மயக்கம்.

மயக்கம் ஆபீஸில் தெளிந்தது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் சுமதி மேடம் மூன்று படிவத்தையும் மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்தார். மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. நான் தர்ஷினிக்காகக் கெஞ்சாத குறை. பூட்டின வீடு, லாரி ரோடு எல்லாம் சொன்னேன். அவரும் கல் நெஞ்சக்காரர் இல்லை, ஆனால் விதி விதிதான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு தடவை இன்னும் போய்ப் பாரு. அந்தப் பொண்ணுக்கு ஒரு சாதாரண நாள்கூட இல்லைன்னா, பேரை எடுத்துடு."

இல்லாத சித்தி

ஞாயிற்றுக்கிழமை செல்விக்கு விடுமுறை. இந்த வாரம் வேறு விசேஷம் ஏதாவது இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் நல்லது என்று போனேன். தர்ஷினி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். செல்வி வெளியே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், உங்கள் தங்கச்சி கல்யாணம் எப்போது என்று கேட்டேன். அலசிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. எனக்குக் கூடப் பிறந்தது இரண்டும் அண்ணன்தான், தங்கச்சியே கிடையாதே என்றார். பெயர் வைத்த குழந்தை? எதிர்வீடு ஆறு மாசமாகக் காலியாம். கூழ்? அது ஊர்க் கோயிலில்தானாம், ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பச்சையாகப் பொய் சொல்லி மூன்று வாரம் அலைக்கழித்திருக்கிறாள். கூழைக் கேட்டு மயங்கினேனே என்று என் மேலும் கோபம். செல்வியிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், ஏதோ படிவம் மாறிவிட்டது என்று மழுப்பிவிட்டு, நேராக ஜபீனா அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். மூன்று வியாழக்கிழமையும் நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று படபடவென்று பொரிந்தேன். அவர் நிமிரக்கூட இல்லை. குச்சியை உருட்டி, முறத்தின் ஓரத்தில் வைத்து, அடுத்த குச்சியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் மேடம். அந்த வீட்டுல நாள்பூரா டிவி சத்தம்தான். நீங்க வந்தா பிள்ளை பேசுது, சிரிக்குது. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

நாலாவது நேற்று

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. விசேஷ நாள் என்றால் திரும்ப வருவேன் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. ஒரு மணி நேரம் ஒருத்தி எதிரே உட்கார்ந்து, நீ என்ன சாப்பிட்டாய், எவ்வளவு, அப்புறம் என்ன என்று கேட்டால், யார்தான் அவளை வர வேண்டாம் என்பார்கள்? ஆனால் அவள் விசேஷ நாள் என்றே சொல்லி, அவளுக்காக நானும் மறுபடி மறுபடி போனால், அவள் வெளியே வருவதற்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகும். அதை அவளிடம் சொல்லவும் கூடாது.

மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. தர்ஷினி வழக்கம்போலப் பாயை விரித்து, கிண்ணங்களை அவளே நம்பர் வாரியாக அடுக்கினாள். பொய்யைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். நேற்று சாதாரண நாளோ விசேஷ நாளோ, அடுத்த வியாழக்கிழமையும் நான் வருவேன், படிவம் இல்லாமல் சும்மா வருவேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நிஜமா என்று கேட்டாள். நிஜம் என்றேன். வாசலில் ஜபீனா அக்காவின் கை முதல் தடவையாக நின்றது.

தர்ஷினி நான் சொல்லாமலே கண்ணை மூடினாள். காலையில் டீயும் பன்னும். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சோறு, சாம்பார். நாலரைக்குச் சிப்ஸ் பாக்கெட். ஐந்தரைக்கு பிஸ்கட், ஒரு பாக்கெட் முழுசாக. ஏழு மணிக்கு, வெந்நீர் ஊற்றி நூடுல்ஸ், இரண்டு. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நான் கேட்டுக்கொண்டே எழுதினேன். யாரோடு என்ற இடத்தில், தனியாக, தனியாக, தனியாக. ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவோடு சோறு, ரசம், முட்டை. ஐந்தாம் நம்பர் கிண்ணத்தைக் கும்பாரமாகக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. ஏழு மணிக்குத்தானே இரண்டு நூடுல்ஸ் சாப்பிட்டாய், ஒன்பது மணிக்கு மறுபடி இவ்வளவு பசித்ததா என்று கேட்டேன். பசி இல்லையாம். பசி இல்லாமல் ஏன் சாப்பிட்டாய் என்றேன். தர்ஷினி கண்ணைத் திறந்து, இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள்.

"நான் சாப்பிடலைன்னா அம்மா தனியா சாப்பிடணுமே மேடம்."

அன்று ஆபீஸுக்குப் போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன், அதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. படிவத்தில் 'சாதாரண நாள்' என்று டிக் அடித்துச் சுமதி மேடத்திடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, தர்ஷினியின் பெயரை வகுப்புப் பட்டியலில் எழுதினார். கூடம் வீட்டுக்குப் பின்னாலேயே இருப்பதாலும், ஜபீனா அக்கா கூட்டிப்போய்க் கூட்டி வருவதாலும் செல்வியும் சம்மதித்தார். பூட்டும் சாவியும் இப்போது அக்கா வீட்டு ஆணியில் தொங்குகின்றன. தர்ஷினிக்கு எடை இன்னும் குறையவில்லை, அது அவ்வளவு சீக்கிரம் குறையவும் குறையாது. ஆனால் ஓடி விளையாடிவிட்டு வருவதால் ஒன்பது மணிக்கு அம்மாவோடு உட்காரும்போது நிஜமாகவே பசிக்கிறதாம். வியாழக்கிழமைகளில் நான் படிவம் இல்லாமல் போய், கூடத்துப் படியில் சுண்டலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

கூடவே என்னவெல்லாம் ஏறி நிற்கிறது என்று பார்க்காமல், எடை மிஷினில் ஏறி நிற்பது ஒரே ஒரு பிள்ளைதான் என்று எழுதி எழுதித்தான் இத்தனை வருஷமாக நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.